கரிசல் தரையில் செயற்கைப் புல்: மேடு, பள்ளம், கிழிசல் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். திருநெல்வேலியில் மானூர் ரோட்டுப் பக்கம் ஒரு புது வீடு, வாசலில் செயற்கைப் புல். நடுவில் தொட்டில் மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. புல்லை மடக்கிப் பார்த்தால் அடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை ஒரு வெடிப்புக்குள் விட்டேன், பிடியோடு உள்ளே போய்விட்டது. சுலபமான வேலை என்று நினைத்து, இரண்டு சாக்கு கிரஷர் பவுடரைக் கொட்டி வெடிப்பையெல்லாம் அடைத்தேன். தண்ணீர் விட்டு இடித்து, மட்டம் பார்த்து, புல்லை ஒட்டி, காசையும் வாங்கிக்கொண்டு வந்தேன். கார்த்திகையில் அந்த வீட்டு ஆச்சி போன் போட்டார். "எய்யா, நீ போட்டது தரையா, எண்ணெய்ச் சட்டியில போட்ட பூரியா? ஒரு சாண் எந்திரிச்சு நிக்கு."

ஆச்சி கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். போய் அளந்தபோது மூன்று அங்குலம் இருந்தது. தப்பு என்னுடையது. கரிசல் மண்ணில் இருக்கும் களி தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது விடுகிற வெடிப்புதான் மழைக்காலத்தில் அது உப்புவதற்கான இடம். அந்த இடத்தில் நான் கல் பவுடரை இறுக்கி அடைத்துவிட்டேன். மழை வந்ததும் மண்ணுக்குப் பக்கவாட்டில் போக வழியில்லை, மேலே எழும்பிவிட்டது. பத்துப் புல்தரை கெட்டால் எட்டுக்குக் காரணம் அடியில் இருக்கிற மண்தான் என்பது என் அனுபவம். அதனால் இந்த வழிகாட்டியில் புல்லைவிட மண்ணைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

உங்கள் வீட்டு மண் எது?

தாழையூத்து, கங்கைகொண்டான் தாண்டி கயத்தாறு பக்கம் போகப் போகக் கரிசல்தான். பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் செம்மண்ணும் சரளும் நிறைய. ஆனால் ஊர்ப் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். நம் புறநகர் மனைகளில் பல, பத்து இருபது வருஷத்துக்கு முன்னால் நெல் விளைந்த வயல்கள். மேடாக்க வேறெங்கிருந்தோ லாரியில் மண் வந்து கொட்டியிருக்கும். ஒரே தெருவில் இடப்பக்கம் சரள், வலப்பக்கம் களி என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

புல்லின் ஒரு மூலையைத் தூக்கி, அரை அடி ஆழத்திலிருந்து எலுமிச்சம்பழ அளவு மண் எடுங்கள். தண்ணீர் தொட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி பிதுக்குங்கள். ஒரு அங்குலத்துக்குள் உடைந்தால் கவலை இல்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் அறுந்துபோகாமல் தொங்கினால் கனத்த களி, கீழே சொல்வதெல்லாம் உங்களுக்குத்தான். கூடவே மண்ணுக்குள் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும் படிகங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அது ஜிப்சம். அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

எப்போது செய்வது?

விவசாயிக்கு இதைச் சொல்லவே வேண்டாம். உழவுக்குப் பதம் பார்ப்பது மாதிரிதான் இதுவும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் நம் பக்கம் தானாக வருவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முன்னால், தை கடைசியிலிருந்து மாசி வரை. அப்போது மண் முழுக்க உப்பியும் இருக்காது, முழுக்கச் சுருங்கியும் இருக்காது. அந்த நடு நிலையில் மட்டம் வைத்தால் கோடையில் கொஞ்சம் இறங்கும், மழையில் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

கோடையில்தான் செய்தாக வேண்டும், வீட்டில் விசேஷம் இருக்கிறது என்றால், முதலில் வெடிப்பு மூட வேண்டும். புல்லை மடக்கி வைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் சாயங்காலம் சாயங்காலமாக மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். ஹோஸைத் திறந்துவிட்டுப் போய்விடக் கூடாது. அப்படி விட்டால் தண்ணீர் வெடிப்பு வழியாக நேராக அடியில் இறங்கிவிடும், மேல்மண் காய்ந்தேதான் இருக்கும். ஈரச் சாக்கு போட்டு மூடினால் இன்னும் நல்லது. வெடிப்பு மூடிய பிறகு பதம் வரும்வரை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் அடித்தள வேலை வேண்டவே வேண்டாம். சேற்றை இடித்தால் சேறுதான் மிஞ்சும்.

கோளாறு எங்கே என்று பார்ப்பது

காலை வெயிலுக்கு முன், செருப்பில்லாமல் புல்தரை முழுக்க நடந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும். மெத்தென்று அமுங்குகிற இடத்தில் அடித்தளம் கழன்றிருக்கும், கல் மாதிரி முட்டுகிற இடத்தில் மண் உப்பியிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ஆறடி மட்டப்பலகையை நாலு திசையிலும் போட்டு, முக்கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரிகிற இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் நின்றால் ஒன்று வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, போயிருக்கும், இல்லையென்றால் புல்லின் அடிப்பக்கத்து ஓட்டைகள் அடைந்திருக்கும்.

மேடு ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் உடனே தோண்டாதீர்கள். அண்ணாந்து சுவரைப் பாருங்கள். ஏசி தண்ணீர்க் குழாய் அங்கே சொட்டுகிறதா? ஆர்.ஓ. கழிவுக் குழாய் இருக்கிறதா? பெருமாள்புரத்தில் ஒரு அண்ணாச்சி வீட்டில் தட்டு அளவு மேட்டை ஒரே வருஷத்தில் இரண்டு பேர் வெட்டிச் சரிசெய்திருந்தார்கள். மூன்றாவதாக நான் போனபோது, மேட்டுக்கு நேர் மேலே மாடி ஏசியின் குழாய் டக், டக் என்று சொட்டிக்கொண்டிருந்தது. குழாயை எட்டடி நீட்டி வடிகாலில் விட்டோம். இரண்டு மாதத்தில் மேடு தானாகவே அடங்கியது. குழாய்க்கும் கிளிப்புக்கும் மட்டும் காசு வாங்கினேன்.

பள்ளம் ஒரே இடத்தில் என்றால் பக்கத்தில் வேம்பு, புங்கை ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். கோடையில் வேர் ஈரத்தை உறிஞ்ச, அந்தப் பக்கம் மட்டும் மண் சுருங்கி இறங்கும். இதற்காக மரத்தை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மரத்தைச் சுற்றி ஐந்தடிக்குப் புல்லை எடுத்துவிட்டுக் கூழாங்கல் பரப்பி, கோடையில் அந்த இடத்துக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்.

புல்லின் இழையை விரலால் கசக்கும்போது பொடியாக உதிர்ந்தால் வெயிலில் பிளாஸ்டிக்கே செத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஒட்டு வேலை இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

புல்லை எடுப்பது

அதிகாலையில் எடுங்கள். மதிய வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் அது விரிந்திருக்கும், அப்போது அளந்து வெட்டினால் ராத்திரி சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும்.

ஓரத்து ஆணிகளைக் கம்பியால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி வையுங்கள். இழையைப் பிடித்து இழுக்காதீர்கள், கத்தையாகக் கையோடு வரும். அடித்துணியோடு சேர்த்துப் பிடித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டுங்கள். சுருட்டுவதற்கு முன்னால் இழைகளுக்கு நடுவில் நிரப்பியிருக்கும் மணலைத் துடைப்பத்தால் எதிர்த்திசையில் கூட்டி எடுத்துச் சாக்கில் கட்டி வையுங்கள், திரும்பப் பயன்படும். சுருட்டியதை நிழலில் போடுங்கள், மேலே எதையும் அடுக்க வேண்டாம்.

அடித்தளம்

வேலையின் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு, பள்ளத்தின் அளவைப் பொறுத்து.

ஐந்துக்கு நாலடி போலச் சின்ன இடம் என்றால் ஜல்லி போடாதீர்கள். களிமண்ணுக்கு நடுவில் குழி தோண்டி ஜல்லி நிரப்புவது தொட்டி கட்டுவதற்குச் சமம். சுற்றிலும் களி, தண்ணீர் எங்கும் போகாது. மழைத் தண்ணீர் அந்தக் குழியில் வந்து நின்று, சுற்றியிருக்கும் மண்ணை மாதக்கணக்கில் ஊறவைத்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பதில் அதே மண்ணையே திருத்தி இடுங்கள். அரை அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, கட்டிகளைக் கோலிக்குண்டு அளவுக்கு உடைத்து, நீற்றின சுண்ணாம்புப் பவுடர் கலக்க வேண்டும். மண்ணின் எடையில் நூற்றுக்கு நாலு பங்கு போதும். ஐந்துக்கு நாலடி, அரை அடி ஆழம் என்றால் பத்துக் கன அடி, சுமார் 425 கிலோ மண். அதற்குப் பதினேழு கிலோ சுண்ணாம்பு. கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மண்வெட்டி போட்டால் தெரியும், நேற்று வரை கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்த களி இன்று பொலபொலவென்று உதிரும். இன்னொரு முறை புரட்டி, மூன்று அங்குலம் மூன்று அங்குலமாகப் போட்டு திமுசுக்கட்டையால் இடியுங்கள். ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றும் வேண்டும், ஆடி மாதக் காற்றில் இந்த வேலையைத் தொடவே கூடாது, குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. மண்ணில் மின்னும் ஜிப்சம் படிகங்களைப் பார்த்திருந்தால் சுண்ணாம்பு வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மண் இன்னும் மோசமாக உப்பும். கடையில் சிலர் 'ஜிப்சம் போடுங்க, களி இளகும்' என்பார்கள். களர் நிலத்துக்கு அது சரியான வைத்தியம். கரிசல் உப்பி மேடு கட்டுவதற்கு அது மருந்தில்லை.

தரையின் பாதியோ அதற்கு மேலோ கெட்டிருந்தால், அல்லது மண்ணில் ஜிப்சம் இருந்தால், ஜல்லி முறைதான். அப்போது முழுத் தரையையும் சேர்த்து ஐந்தாறு அங்குலம் எடுங்கள், அடியில் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால் கட்டாயம் விடுங்கள். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம், வீட்டைவிட்டு வெளியே போகும்படி. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பாருங்கள், கண் மட்டத்தை நம்பாதீர்கள். வெட்டிய களியின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, ஓரங்களை ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் போடுங்கள். இந்தத் துணி இல்லாவிட்டால் முதல் மழையிலேயே ஜல்லி களிக்குள் புதையும், களி ஜல்லிக்குள் பிதுங்கி வரும். அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி நாலு அங்குலம், இரண்டு அடுக்காக இடித்து. அதற்கு மேல் கிரஷர் பவுடர் ஒரு அங்குலம், தண்ணீர் தெளித்து இடித்து, மட்டப்பலகையால் இழுத்துச் சீராக்க வேண்டும். மேலே நடந்தால் கால்தடம் விழக் கூடாது.

கோரை முளைத்த தரை என்றால் இந்தச் சமயத்திலேயே கிழங்கோடு தோண்டி எடுங்கள். கோரையின் முளை ஊசி மாதிரி, துணியையும் புல்லையும் குத்திக்கொண்டு வெளியே வரும். மேலே கிள்ளி எடுத்துக்கொண்டே இருப்பது வாழ்நாள் வேலை.

ஒட்டுப் போடுவது

கிழிந்த, கருகிய இடத்துக்குப் புதுத் துண்டு வாங்கி வைத்தால் பச்சை பச்சையாகத் தனியே தெரியும், பழைய புல் வெயிலில் வெளுத்திருக்கும். அதனால் மோட்டார் ரூம் பின்னால், பூந்தொட்டிக்குக் கீழே என்று கண்ணில் படாத இடத்திலிருந்து பழைய துண்டை வெட்டி முன்வாசலில் வையுங்கள். புதுத் துண்டு மோட்டார் ரூம் பின்னால் போகட்டும்.

புல்லைப் புரட்டி, அடிப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். தையல் வரிசைகள் தெரியும், இரண்டு வரிசைக்கு நடுவில் கத்தி போக வேண்டும். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள், மழுங்கிய பிளேடு இழையைப் பிய்த்துவிடும். துண்டின் இழை சாய்கிற திசையும் சுற்றியுள்ள புல் சாய்கிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை மறந்தால் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும், சாயங்கால வெயிலில் அந்தத் துண்டு மட்டும் வேறு நிறமாகப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். நானே ஒருமுறை மறந்து, முழுத் துண்டையும் பெயர்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

இரு ஓரங்களுக்கும் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் அளவு இடைவெளி விடுங்கள், நெருக்கி முட்டவைத்தால் வெயிலில் கூரையாக எழும்பும். அடியில் ஒரு அடி அகல இணைப்பு டேப். அதன்மேல் இரண்டு டப்பா கலக்கும் பாலியூரித்தேன் பசையைப் பல் வைத்த கரண்டியால் பரப்புங்கள். நம் ஊர்ச் சூட்டில், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தில் பாதிகூடக் கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒட்டுங்கள். உருக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கி கைவேலைக்குத்தான் லாயக்கு, சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகும்.

ஓரத்தை இறக்கும்போது இழை பசைக்குள் மாட்டாமல் விரலால் விலக்கிவிட்டுக்கொண்டே வாருங்கள். பிறகு மணல் மூட்டையை இணைப்பு நெடுக அடுக்கி ராத்திரி முழுக்க விடுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம்.

ஓரம்

கரிசல் மண்ணில் ஆணி நிற்காது. மழைக்கு மண் உப்பும்போது ஆணியைத் துப்பிவிடும், மேலே எழும்பிய ஆணி குழந்தையின் காலைக் குத்தும். ஆகவே சுற்றிலும் செங்கல்லோ கான்கிரீட்டோ கட்டி, உள்பக்கம் பிளாஸ்டிக் பட்டையைத் திருகி, அதில் புல்லை ஸ்க்ரூ போடுவது நல்லது. ஆணிதான் என்றால் துத்தநாகம் பூசிய ஆறு அங்குல ஆணி, அரை அடிக்கு ஒன்று, கொஞ்சம் சாய்வாக அடித்து, வருஷம் இரண்டு முறை தடவிப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தால் தவறவிட்ட ஆணி ஒட்டிக்கொண்டு வரும்.

ஓரம் தளர்வாக இருந்தால் ஆனி, ஆடிக் காற்று சும்மா விடாது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே தென்மேற்குக் காற்றுதான் நம் வாசலுக்கும் வருகிறது. ஒரு மூலை எழும்பினால் பாய் மாதிரி முழுப் புல்லையும் புரட்டிவிடும்.

மணல்

கழுவிக் காயவைத்த சிலிக்கா மணல், சதுர அடிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை, மூன்று நாலு தடவையாகத் தூவி, கெட்டித் துடைப்பத்தால் இழைக்கு எதிர்த்திசையில் கூட்ட வேண்டும். காசு மிச்சமென்று சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணைக் கொண்டுவந்து போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க நைசாக இருக்கும். ஈரம் பட்டதும் செங்காவி இறங்கி, வீட்டு டைல்ஸ் முழுக்க குழந்தைகளின் கால்தடம்தான்.

கருகல்

சரவெடிப் பொறி, சிகரெட், இஸ்திரிப்பெட்டி எல்லாம் வழக்கமானது. நம் பக்கத்துக்கே உரியது பொங்கல். வாசலில் அடுப்புக் கூட்டி, பனை ஓலையை எரித்துப் பொங்கலிடும் வீட்டில், பறக்கிற ஓலைச் சாம்பல் புல்லில் விழுந்து அம்மை வடு மாதிரி ஓட்டை போடும். அன்றைக்கு ஒரு நாள் புல்லின்மேல் ஈரச் சாக்கு விரித்துவிட்டால் தீர்ந்தது. விழுந்துவிட்டதென்றால், அரை அங்குலத்துக்குள் இருக்கும் கருகலுக்கு ஒட்டு வேண்டாம், கருகிய நுனியைக் கத்தரித்துப் பக்கத்து இழையை வாரிவிடுங்கள்.

யாரும் நெருப்பு வைக்காமலே கோடு போட்டதுபோலப் புல் உருகியிருந்தால், எதிரே இருக்கும் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். சூடு தடுக்கிற பூச்சுள்ள கண்ணாடி சில சமயம் வெயிலைக் குவித்துத் திருப்பி அனுப்பும். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வலையோ திரையோ போடாமல் புல்லை மட்டும் மாற்றினால், அடுத்த கோடையிலும் அதே கோடு விழும்.

வெள்ளம் ஏறிய புல்

2023 டிசம்பர் 17, 18 பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரைப் பக்கம் வெள்ளம் வடிந்த பிறகு புல்லின்மேல் நின்றது வண்டல். அதைக் காயவிட்டவர்களின் புல் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. ஈரமாக இருக்கும்போதே ரப்பர் துடைப்பத்தால் தள்ளி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவி, புல்லைப் புரட்டி அடி ஓட்டைகளையும் கழுவியவர்களுக்குப் புல் தப்பியது. சாக்கடை கலந்த தண்ணீர் ஏறியிருந்தால் உள்ளே இருக்கும் மணலை முழுக்க மாற்றுங்கள்.

ஒரு பழக்கம்

நான் ஒவ்வொரு முறை புல்லைத் தூக்கும்போதும், அடிப்பக்கத்தில் பெயின்ட் மார்க்கரால் தேதியும் என்ன செய்தேன் என்பதும் எழுதிவிடுகிறேன். அடுத்து வருகிறவருக்கு, அது நானாகவே இருந்தாலும், பாதி நாள் மிச்சம். வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் வெயிலில் ஒரு ஓரமாகப் போட்டு வையுங்கள், வாசலில் இருப்பதோடு சேர்ந்து அதுவும் வெளுக்கும். மானூர் ரோட்டு ஆச்சி வீட்டுப் புல்லின் அடியில் இரண்டு தேதி இருக்கிறது. ஒன்று கார்த்திகை: "பவுடர் முழுக்க எடுத்தாச்சு, தை வரை திறந்து கிடக்கட்டும்." இன்னொன்று அடுத்த மாசி: "சுண்ணாம்பு 17 கிலோ." அதற்குப் பிறகு ஆச்சி கூப்பிட்டது ஒரே ஒரு தடவை, பேத்தி கல்யாணத்துக்கு.